ஒலிம்பிக் வாசலில் ஆபிரிக்க இளைஞர்கள்: தீர்மானிப்பது திறமையா, வசதியா?

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 8ஆம் திகதி, பிரான்ஸின் நாந்த் நகரில், ஒலிம்பிக் ஆண்கள் உதைபந்தாட்டத்தின் வெண்கலப் பதக்கத்துக்காக இரண்டு ஆபிரிக்க அணிகள் ஒன்றையொன்று எதிர்கொண்டன. மொரோக்கோ 6–0 என்ற கோல் கணக்கில் எகிப்தை வீழ்த்திப் பதக்கத்தைக் கைப்பற்றியது. இதே இரு நாடுகளும் பதின்மூன்று மாதங்களுக்கு முன்னர், 2023 ஜூலை 8ஆம் திகதி, மொரோக்கோவின் தலைநகர் ரபாத்தில் மற்றோர் இறுதியாட்டத்தில் சந்தித்திருந்தன. அன்றும் மேலதிக நேரத்தில் 2–1 என வென்றது மொரோக்கோவே. அந்தச் சுற்றுப்போட்டிதான் 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆபிரிக்க நாடுகள் கிண்ணம். ஆபிரிக்காவின் எந்த நாடுகள் ஒலிம்பிக் மைதானத்தில் கால்பதிக்கும் என்பதை 2011ஆம் ஆண்டு முதல் தீர்மானித்து வருவது அதுவேயாகும்.

இந்த இரு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒருவர், தகுதிகாண் முறை சரியாகவே இயங்குகின்றது என்ற முடிவுக்கு வரக்கூடும். கண்டத்தின் சிறந்த இரு அணிகள் தெரிவாகின, அவையிரண்டும் உலக அரங்கில் அரையிறுதி வரை முன்னேறின, அவற்றுள் ஒன்று பதக்கத்துடன் நாடு திரும்பியது. இதைவிட வேறென்ன வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. எனினும், நான்கு சுற்றுப்போட்டிகளின் வரலாற்றை ஒருங்கே நோக்கும்போது வேறொரு சித்திரம் தென்படுகின்றது. திறமைக்கான பரீட்சையாக அமைய வேண்டிய ஒன்று, போட்டியை நடத்தும் வசதி எவரிடம் உண்டு என்பதைக் காட்டும் கண்ணாடியாகவும் மாறியிருக்கின்றது என்பதே எமது கணிப்பு.

முதலில் இச்சுற்றுப்போட்டியின் அமைப்பை நினைவுபடுத்திக் கொள்வது பொருத்தமானது. ஒலிம்பிக் உதைபந்தாட்டம் 1992 பார்சிலோனா விளையாட்டு விழா முதல் 23 வயதைத் தாண்டாத வீரர்களுக்கென வரையறுக்கப்பட்டது. 1996 முதல் ஒவ்வோர் அணியும் அவ்வயதைக் கடந்த மூவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சலுகை வழங்கப்பட்டது. அக்காலத்தில் ஆபிரிக்க நாடுகள் தகுதிபெற்ற விதம் வேறு. ஒவ்வொரு நாடும் தனது மண்ணில் ஓர் ஆட்டம், எதிரணியின் மண்ணில் ஓர் ஆட்டம் என மாதக்கணக்கில் விளையாடி முன்னேற வேண்டியிருந்தது. 2011இல் அந்த முறை மாற்றப்பட்டது. பூர்வாங்கச் சுற்றுகளைக் கடந்துவரும் அணிகள், போட்டியை நடத்தும் நாட்டுடன் சேர்த்து எட்டு, ஒரே நாட்டில் கூடி, இரு குழுக்களாகப் பிரிந்து, பதினைந்து நாட்களுக்குள் முடிவைக் காண்கின்றன. குழுநிலையில் மூன்று ஆட்டங்கள், பின்னர் அரையிறுதி. அந்த நான்காவது ஆட்டத்தில் வெல்பவருக்கு ஒலிம்பிக் அனுமதி உறுதி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வெல்பவருக்கும் இதுவரை ஓர் இடம் கிடைத்துள்ளது. 2012, 2024 ஆகிய விழாக்களுக்கு முன்னர் நான்காம் இடத்தைப் பெற்ற அணிக்கும் ஆசிய அணியொன்றுடன் மோதிப் பார்க்கும் வாய்ப்பு வழங்கப்பட்டது.

இந்த அரை வாய்ப்பை ஆபிரிக்கா இரு தடவையும் வீணாக்கவில்லை. 2012 ஏப்ரலில் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் செனகல் 2–0 என ஓமானை வென்றது. 2024 மே 9ஆம் திகதி பாரிஸுக்கு அருகிலுள்ள கிளெயர்பொன்டெய்ன் பயிற்சி மையத்தில் கினி 1–0 என இந்தோனேசியாவை வென்றது. 1968 மெக்சிகோ விழாவுக்குப் பின்னர் கினி ஒலிம்பிக்கை எட்டிப்பார்த்தது அப்போதுதான். அந்த ஒரே கோலைப் பெனல்டி மூலம் அடித்த இலாய்ஸ் மொரிபா, கொனாக்ரியில் பிறந்து பார்சிலோனா கழகத்தின் இளையோர் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இனி எமது கணிப்புக்கான ஆதாரங்களுக்கு வருவோம். 2011இல் முதலாவது சுற்றுப்போட்டியை நடத்தும் பொறுப்பு எகிப்துக்கே வழங்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு அங்கு வெடித்த மக்கள் எழுச்சிக்குப் பின்னரான பாதுகாப்பு நிலைமை காரணமாகப் போட்டி மொரோக்கோவுக்கு மாற்றப்பட்டது. 2015இல் கொங்கோ ஜனநாயகக் குடியரசில் நடைபெறவிருந்தது செனகலுக்குச் சென்றது. 2019இல் சாம்பியா விலகிக்கொள்ள, எகிப்து அதனைப் பொறுப்பேற்றது. 2023இல் மாத்திரமே முதலில் தெரிவு செய்யப்பட்ட நாடான மொரோக்கோவில் போட்டி நடந்தேறியது. ஆக, நான்கில் மூன்று தடவை போட்டி இடம்பெயர்ந்திருக்கின்றது. நான்கில் மூன்று தடவை அது வட ஆபிரிக்காவிலேயே நடைபெற்றிருக்கின்றது.

இவ்விடமாற்றங்கள் வெறும் நிர்வாக விடயங்கள் எனத் தள்ளிவிடக்கூடியவை அல்ல. ஏனெனில், போட்டியை நடத்திய நாடு ஒவ்வொரு தடவையும் அரையிறுதியை எட்டியுள்ளது. 2011இல் மொரோக்கோ இறுதியாட்டம் வரை சென்று கபோனிடம் 2–1 எனத் தோற்றது. 2015இல் செனகல் நான்காம் இடத்தைப் பெற்றது. 2019இல் எகிப்து கெய்ரோ ரசிகர்கள் முன்னிலையில் ஐவரி கோஸ்ட்டை மேலதிக நேரத்தில் 2–1 என வென்று கிண்ணத்தைத் தூக்கியது. 2023இல் மொரோக்கோவும் அவ்வாறே செய்தது. போட்டியை நடத்தும் நாடு பூர்வாங்கச் சுற்றுகளில் விளையாட வேண்டியதில்லை. பயணக் களைப்பு இல்லை. பழகிய புற்றரை, பழகிய காலநிலை, சொந்த ரசிகர்களின் ஆரவாரம் யாவும் அதன் பக்கம். தன் மண்ணில் ஆடுவதன் அனுகூலம் முன்னைய முறையில் எல்லோருக்கும் மாறி மாறிக் கிட்டியது. இன்று அது ஒருவருக்கு மாத்திரம் உரியதாகின்றது.

அதன் விளைவை இடங்களின் பங்கீட்டிலும் காணலாம். 2012 முதல் 2024 வரையிலான நான்கு ஒலிம்பிக் விழாக்களில் ஆண்கள் உதைபந்தாட்டத்தில் ஆபிரிக்காவுக்குக் கிடைத்த இடங்கள் 14. அவற்றுள் எகிப்துக்கு மூன்று, மொரோக்கோவுக்கு இரண்டு, அல்ஜீரியாவுக்கு ஒன்று என ஆறு இடங்கள் வட ஆபிரிக்காவுக்குச் சென்றன. தென்னாபிரிக்கா இரண்டைப் பெற்றது. செனகல், நைஜீரியா, ஐவரி கோஸ்ட், மாலி, கினி ஆகிய மேற்காபிரிக்க நாடுகள் தலா ஒன்றைப் பெற்றன. எஞ்சிய ஒன்று கபோனுடையது. கிழக்காபிரிக்காவுக்கு ஒன்றுமில்லை. ஒலிம்பிக் இருக்கட்டும், எட்டு அணிகள் பங்குபற்றும் இறுதிச் சுற்றுப்போட்டிக்கே கென்யா, உகண்டா, தன்சானியா, எதியோப்பியா, சூடான், ருவாண்டா உட்படக் கிழக்காபிரிக்க வலயத்தின் எந்தவொரு நாடும் இதுவரை வந்து சேரவில்லை.

இதிலுள்ள வரலாற்று முரணைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியாது. ஆபிரிக்க உதைபந்தாட்டக் கூட்டமைப்பு 1957இல் உருவானது சூடானின் தலைநகர் கார்ட்டூமில். எகிப்து, சூடான், எதியோப்பியா, தென்னாபிரிக்கா ஆகிய நான்கும் அதன் ஸ்தாபக நாடுகள். இவற்றுள் எகிப்தும் தென்னாபிரிக்காவும் ஒலிம்பிக்குக்கு அடிக்கடி செல்கின்றன. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் விளையாடிய சூடானோ 2023 ஏப்ரலில் மூண்ட உள்நாட்டுப் போரினால் சிதைந்துபோனது. வீட்டின் அத்திபாரத்தை இட்டவர்களில் இருவர் முற்றத்துக்குக்கூட வரமுடியாத நிலை இது.

அவ்வாறாயின் மொரோக்கோவும் எகிப்தும் குற்றவாளிகளா என்ற வினா எழலாம். இல்லவேயில்லை. மொரோக்கோ பெற்றிருக்கும் வெற்றி தற்செயலானதல்ல. மன்னர் ஆறாம் முஹம்மதின் பெயரில் அமைக்கப்பட்ட உதைபந்தாட்டப் பயிற்சிக் கல்லூரி, யூசுப் என்-நெசிரி, நாயிப் அகர்ட், அஸ்ஸதீன் ஊனாஹி போன்றோரை உருவாக்கியது. 2022 உலகக் கிண்ணத்தில் நான்காம் இடத்தைப் பெற்ற அணியில் இவர்கள் இடம்பெற்றனர். 2025 ஒக்டோபரில் சிலியில் நடைபெற்ற 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டீனாவை 2–0 என வென்றதும் அதே முதலீட்டின் அறுவடைதான். பிறர் கைவிட்ட போட்டிகளைக் குறுகிய காலத்தில் பொறுப்பேற்று நடத்திய நாடுகள் நன்றிக்குரியவையேயன்றிக் கண்டனத்துக்குரியவை அல்ல. குறை, ஒரு கண்டத்தின் முழு வாய்ப்பையும் அந்த ஓரிரு நாடுகளின் வசதியில் தங்கியிருக்க விட்ட அமைப்பிலேயே உள்ளது.

இரண்டாவது பிரச்சினை வீரர்களைப் பற்றியது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்காக வீரர்களை விடுவிக்க வேண்டிய கட்டாயம் கழகங்களுக்கு இல்லை. 2008 ஆகஸ்டில், பீஜிங் விழா தொடங்கவிருந்த தறுவாயில், விளையாட்டுக்கான நடுத்தீர்ப்பு மன்றம் லயனல் மெஸ்ஸி உள்ளிட்டோரின் வழக்கில் கழகங்களுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. 2021இல் டோக்கியோ விழாவுக்கு முஹம்மத் சலாஹை விடுவிக்க லிவர்பூல் கழகம் இணங்கவில்லை. சலாஹ் போன்ற நட்சத்திரங்களுக்கே இந்நிலை எனில், ஐரோப்பாவின் இரண்டாம் தரக் கழகமொன்றில் தனது இடத்தைத் தக்கவைக்கப் போராடும் இருபது வயது இளைஞன், ஒலிம்பிக்குக்கும் ஒரு படி கீழேயுள்ள தகுதிகாண் போட்டிக்காக எவ்வாறு விடுமுறை கேட்பான்? முதல் இரு சுற்றுப்போட்டிகளும் நவம்பர் இறுதியில் ஆரம்பித்து டிசம்பர் வரை, ஐரோப்பியப் பருவகாலத்தின் நடுவிலேயே நடைபெற்றன. தாயகத்துக்காக ஆடச் சென்று திரும்பும்போது கழகத்தில் தனது இடம் இன்னொருவருக்குப் போயிருக்குமோ என்ற அச்சம் அவனுக்கு மெய்யானது.

அந்த அச்சத்தையும் மீறி வந்து அணிக்கு அனுமதியைப் பெற்றுக்கொடுத்தவரும் ஒலிம்பிக்குக்குச் செல்வார் என்ற உத்தரவாதம் இல்லை. தகுதிகாண் சுற்றுப்போட்டியில் வயதைக் கடந்தவர்களுக்கு இடமில்லை. ஒலிம்பிக்கில் மூவருக்கு இடமுண்டு. பாரிஸில் மொரோக்கோவின் தலைவராக நின்ற அஷ்ரப் ஹக்கீமியும், எட்டுக் கோல்களுடன் அவ்விழாவின் அதிக கோல்களைப் பெற்ற சுபியான் ரஹீமியும் அவ்வாறு இணைக்கப்பட்டவர்களே. அவர்களது திறமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஒலிம்பிக் அணியோ மிகச் சிறியது. மூவர் உள்ளே வரும்போது, வாசலைத் திறந்துவிட்டவர்களில் மூவர் வெளியே நிற்க வேண்டும். விதைத்தவர் ஒருவர், அறுவடை செய்பவர் இன்னொருவர் என்ற நிலை ஓர் இளைஞனின் வாழ்வில் எத்தகைய கசப்பை ஏற்படுத்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, நிர்வாகச் சீர்கேடு. 2015 சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் அல்ஜீரியாவை 2–1 என வென்ற நைஜீரியா, 2016இல் ரியோ விழாவுக்குச் சென்ற விதம் நினைவுகூரத்தக்கது. அமெரிக்காவின் அத்லாண்டா நகரில் பயிற்சி முகாமிட்டிருந்த அணி, விமானப் பயண ஏற்பாடுகள் குழம்பியதால் அங்கேயே தங்கிப்போனது. முதலாவது ஆட்டம் தொடங்குவதற்குச் சில மணித்தியாலங்கள் இருக்கும்போதே பிரேஸிலின் மனாவுஸ் நகரை அது சென்றடைந்தது. அந்தக் களைப்புடனேயே களமிறங்கி ஜப்பானை 5–4 என வென்றது. நான்கு கோல்களை அடித்தவர் ஒகேனகாரோ எட்டெபோ. தகுதிகாண் சுற்றுப்போட்டியிலும் அதிக கோல்களைப் பெற்றவர் அவரே. பின்னர் கொடுப்பனவுகள் கிடைக்காததால் வீரர்கள் பயிற்சியைப் பகிஷ்கரிக்கும் நிலை உருவானது. இறுதியில் அவர்கள் ஹொண்டுராஸை 3–2 என வென்று வெண்கலம் பெற்றபோது, அவர்களின் நிலையைக் கேள்வியுற்ற ஜப்பானிய மருத்துவர் ஒருவர் தமது சொந்தப் பணத்திலிருந்து 390,000 டொலரை வழங்கினார். ஆபிரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வள நாடுகளுள் ஒன்றின் இளைஞர்களுக்கு, அவர்கள் தோற்கடித்த நாட்டின் குடிமகன் ஒருவர் சன்மானம் கொடுக்க நேர்ந்ததைப் பெருமையாகக் கருத முடியுமா?

பழைய முறையே சிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு கூறவும் நாம் முற்படவில்லை. 1996 அத்லாண்டாவில் நைஜீரியாவும் 2000 சிட்னியில் கமரூனும் தங்கம் வென்றது அக்காலத்திலேயே. 2008 பீஜிங்கில் நைஜீரியா வெள்ளி வென்றதும், உடன்சென்ற கமரூனும் ஐவரி கோஸ்ட்டும் காலிறுதியை எட்டியதும் அப்போதுதான். புதிய முறையின் கீழ் கிடைத்தவை 2016இலும் 2024இலும் பெற்ற இரு வெண்கலங்கள். எனினும், பதக்கங்களின் நிறத்தை வைத்து மாத்திரம் தகுதிகாண் முறையைத் தீர்ப்பிடுவது முறையாகாது. தங்கம் வென்ற அணிகளில் ஆடியவர்கள் ஒரு பொற்காலத் தலைமுறையினர். மேலும், கபோன், கினி போன்ற நாடுகள் தலைதூக்கியது குறுகிய சுற்றுப்போட்டி முறையிலேதான். பீஜிங்கில் வெள்ளி வென்ற நைஜீரியா 2011இல் குழுநிலையிலேயே வெளியேறியது. நடப்புச் சம்பியனாக வந்த 2019இலும் அவ்வாறே வெளியேறியது. பெரிய பெயர்களுக்கு நிரந்தர இடமில்லை என்பதை இம்முறை நிரூபித்துள்ளது. அதன் நன்மையை ஒப்புக்கொண்டே குறைகளைப் பேசுகின்றோம்.

இக்குறைகள் இப்போது அவசரமானவையாக மாறியுள்ளன. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் விழாவில் ஆண்கள் உதைபந்தாட்டத்தில் பங்குபற்றும் அணிகளின் எண்ணிக்கை 16இலிருந்து 12ஆகக் குறைக்கப்படும் என்றும், பெண்கள் அணிகளின் எண்ணிக்கை 12இலிருந்து 16ஆக உயர்த்தப்படும் என்றும் சர்வதேச ஒலிம்பிக் குழு 2025 ஏப்ரலில் தீர்மானித்தது. பெண்களுக்குக் கூடுதல் இடம் என்பது வரவேற்கத்தக்கது. டோக்கியோவில் சாம்பியாவின் பார்ப்ரா பண்டா இரு ஆட்டங்களில் தொடர்ந்து மும்மூன்று கோல்களை அடித்ததைக் கண்டவர்கள் அதன் நியாயத்தை உணர்வார்கள். ஆயினும், ஆண்கள் பிரிவில் ஆபிரிக்கா மூன்றரை இடங்களை இனி எதிர்பார்க்க முடியாது. இடங்கள் குறையும்போது நான்காவது ஆட்டத்தின் பாரம் இன்னும் கூடும். சொந்த மண்ணின் அனுகூலத்துக்கு இன்னும் விலை கூடும்.

எனவே, ஆபிரிக்க உதைபந்தாட்டக் கூட்டமைப்பு சில விடயங்களைத் தாமதமின்றிக் கவனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, போட்டியை நடத்தும் உரிமையைக் கண்டத்தின் வலயங்களுக்கிடையே சுழற்சி முறையில் வழங்குவது. மைதானங்கள் இல்லை என்ற காரணம் முன்னரைப் போல் செல்லுபடியாகாது. 2025 ஆகஸ்டில் கென்யா, தன்சானியா, உகண்டா ஆகிய மூன்றும் கூட்டாக, உள்நாட்டுக் கழகங்களில் ஆடும் வீரர்களுக்கான ஆபிரிக்கக் கிண்ணத்தை நடத்தின. அதே மூன்று நாடுகளுக்கே 2027 ஆபிரிக்க நாடுகள் கிண்ணத்தை நடத்தும் உரிமையும் வழங்கப்பட்டது. பெரியவர்களின் போட்டிக்குத் தயாராகும் மண் இளைஞர்களின் போட்டிக்கு ஏன் தகாததாகும்?

இரண்டாவது, போட்டியை நடத்தும் நாட்டுக்குப் பூர்வாங்கச் சுற்று விலக்கு அளிப்பதை மீள்பரிசீலனை செய்வது. குறைந்தபட்சம், தகுதிபெறும் அணிகளுள் ஒன்றையேனும் சொந்த மண், எதிரணி மண் என்ற முறையில் தெரிவு செய்யும் வழியைத் திறந்து வைக்கலாம். மூன்றாவது, சுற்றுப்போட்டி நடைபெறும் பதினைந்து நாட்களுக்கு வீரர்களை விடுவிக்கக் கழகங்களைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டைச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்திடம் ஒருமித்த குரலில் கோருவது. 54 நாடுகளின் வாக்குகளைக் கொண்ட கூட்டமைப்பொன்றின் குரல் அங்கு அலட்சியம் செய்யப்படக்கூடியதல்ல. நான்காவது, வீரர்களின் கொடுப்பனவுகளைப் போட்டிக்கு முன்னரே வைப்பிலிடாத சங்கங்களுக்கு அனுமதி மறுப்பது.

பதினைந்து நாட்களில் நிறைவுபெறும் ஒரு சுற்றுப்போட்டியை எண்ணி ஆபிரிக்க இளைஞர்கள் பதினைந்து ஆண்டுகள் உழைக்கின்றார்கள். டாக்காரின் கடற்கரை மணலிலும், கம்பாலாவின் செம்மண் தெருக்களிலும் வெறுங்காலுடன் பந்தை உதைக்கும் சிறுவனுக்கு, தனது நாட்டில் மைதானம் கட்டப்பட்டதா இல்லையா என்பது தெரியாது. சங்கத்தின் கணக்குப் புத்தகமும் தெரியாது. அவன் அறிந்தது பந்தை மாத்திரமே. அந்தப் பந்தின் மீதான அவனது உரிமையை அவன் பிறந்த நாட்டின் செல்வநிலை பறித்துவிடக்கூடாது. ஒலிம்பிக் அனுமதியைத் திறமை தீர்மானிக்கட்டும். அத்திறமை வெளிப்படுவதற்கான களத்தைச் சமமாக்குவது ஆபிரிக்க உதைபந்தாட்டத்தை நிர்வகிப்போரின் கடமை. லொஸ் ஏஞ்சல்ஸுக்கான பாதை வரையப்படும் இவ்வேளையில் அக்கடமையை அவர்கள் தட்டிக்கழிக்கமாட்டார்கள் என எதிர்பார்க்கின்றோம்.